சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தின் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பெரியவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் நடத்திவரும் வகுப்பை வெறும் மொழி வகுப்பு என்று சொல்லிவிட முடியாது. இலக்கணமும் உண்டு, ஆனால், நாம் பேசும் மொழி நம் எண்ணத்தையும் வாழ்முறையையும் எவ்வளவு தூரம் வடிவமைக்கிறது என்ற கேள்விதான் அவரை ஆட்டிவைக்கிறது. மாதக் கட்டணம் 40 வெள்ளி.

வகுப்பின் தரத்தைக் காட்ட ஒரு பயிற்சியே போதும். மேசையில் மாடு, ஆடு, குதிரை ஆகிய மூன்று பொம்மைகளை ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாக நிறுத்தி, அதை நன்றாகப் பார்த்துக்கொண்டபின் பின்பக்கம் திரும்பி, அங்குள்ள மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொன்னார். இளையவர்கள் வலப்பக்கம் பார்த்த பொம்மைகளை மறுபடியும் வலப்பக்கம் பார்க்க வைத்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்த பெரியவர் மட்டும் நேர்மாறாக வைத்தார். "மாத்தி வச்சிட்டீங்களே ஐயா" என்று ஓர் இளைஞர் சொல்ல, "மாடு கோயில் பக்கம் பாத்துதானே தம்பி நின்னுச்சு, இப்பவும் அப்படித்தான நிக்குது" என்றார் அவர்.

இது மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சனும் அவருடைய குழுவினரும் பல மொழியினரிடம் நடத்திய சோதனை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குகு யிமிதிர் மொழி பேசுவோர், கைக்கெட்டும் பொருளைக்கூட இடம், வலம் என்று சொல்லாமல் வடக்கு, தெற்கு என்று திசையைக் கொண்டே சுட்டுவார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி, மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் கண்டது: கிராமத்தார் திசையையும் நகரத்தார் இடவலத்தையும் சார்ந்து பேசும் போக்கு, இத்தகைய சோதனைகளிலும் வெளிப்பட்டது.

ஆசிரியை இதை மொழியின் வெற்றியாகவே விளக்கினார். என் கருத்து வேறு. இரு தரப்பாரும் பேசுவது தமிழ்தான். ஆகவே இங்கே வேலை செய்வது அன்றாடப் பேச்சுப் பழக்கமேயன்றி மொழி என்ற மொத்தம் அன்று. அந்தப் பழக்கத்தைத் தந்ததும் வாழ்க்கைதானோ என்று ஐயுறவும் இடமுண்டு. நிரை நிரையாக மரங்களுக்கிடையே நடந்து வேலை வாங்கியவருக்குத் திசைதான் நிலையானது. இடமும் வலமும் திரும்பும்போதெல்லாம் மாறிவிடும். போதாக்குறைக்கு, அன்று சன்னல் திறந்திருந்ததால் கோயில் கோபுரம் கண்ணெதிரே நின்றது. சுற்றுப்புற அடையாளங்கள் தெரிந்தாலே இச்சோதனையின் முடிவு மாறக்கூடும் என்று உளவியல் ஆய்வாளர்கள் பெக்கி லீயும் லீலா கிளைட்மனும் 2002இல் வாதிட்டனர். லெவின்சன் குழுவினர் அதை மறுத்தும் எழுதினர். திரையை மூடிவிட்டுப் பெரியவரை மறுபடியும் அடுக்கச் சொல்லியிருந்தால் பாடம் இன்னும் சுவைத்திருக்கும்.

இதை நான் எடுத்துச் சொன்னபோது ஆசிரியை முகம் சுளிக்கவில்லை. மறுவாரமே அதைப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார். அமெரிக்கப் பழங்குடியினரின் ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களோ வடிவங்களோ இல்லை என்று மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் சொன்னதையும், பின்னாளில் வந்த மொழியியலாளர் எக்கெஹார்ட் மலோட்கி 1983இல் ஏராளமான சான்றுகளோடு அதை மறுத்ததையும் ஒரே மூச்சில் கற்பிக்கிறார். தான் நேசிக்கும் கருத்துக்கு எதிரான சான்றையும் மறைக்காமல் முன்வைக்கும் இந்தப் பண்புக்காகவே கட்டணம் தகும்.

குறைகளும் உண்டு. நகலெடுத்துத் தரும் தாள்களில் பாதி எழுத்துகள் மங்கியிருக்கின்றன. ஆர்வ மிகுதியில் ஆசிரியை நேரத்தை மறந்துவிடுவதால், கடைசிப் பேருந்தை நம்பி வருவோர் பாதியில் எழுந்துபோக வேண்டியிருக்கிறது. மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இது பயன்படாது. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் தயங்காமல் சேரலாம். மாடிப்படி செங்குத்தானது, முதியவர்களை அழைத்து வருவோர் அதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.