ஐ.பி. (திவால் மனு) போட்டுத் தருகிறோம், இனி ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று யாராவது வந்தால்

கடன் தொல்லையில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். 'சட்டப்படி கடன் நிவாரணம்' என்று விளம்பரம் செய்யும் ஆலோசனை மையம் ஒன்று என் தம்பியிடம் 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அவன் முன்பு இருந்ததைவிட மோசமான இடத்தில் அவனைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. தவிர, இதே பேச்சை இதே வரிசையில் பேசும் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் ஆளைவிட அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

தம்பிக்கு ஒரு சின்ன அச்சகம். வங்கியில் தனிநபர் கடன், இரண்டு கிரெடிட் கார்டு, அச்சு இயந்திரத்தை ஈடு வைத்து நிதி நிறுவனத்தில் ஒரு கடன், காகித வியாபாரிக்குக் கொடுத்த செக், அப்புறம் கைமாற்று. எல்லாம் சேர்ந்து பதினொன்றரை லட்சம் வந்துவிட்டது. மாதத் தவணை வருமானத்தைத் தாண்டிய பிறகு வேறு வழியில்லாமல்தான் அந்த மையத்துக்குப் போனான்.

அங்கே டை கட்டிய ஒருவர் சொன்னது இதுதான்: "சார், நீங்க கவலையே படாதீங்க. இன்னைலேருந்து யாருக்கும் ஒரு பைசா கட்டாதீங்க. ஐ.பி. நம்பர் விழுந்த அன்னைக்கே எல்லாத்துக்கும் ஸ்டே. எவனாவது போன் பண்ணா எங்க நம்பரைக் குடுங்க." கூடவே புது சிம் வாங்கச் சொன்னார். 2016-ல் வந்த புதுத் திவால் சட்டப்படி கடன் மொத்தமும் தள்ளுபடி ஆகிவிடும் என்று அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார்.

அந்தத் தாளிலிருந்தே பொய் ஆரம்பம். 2016-ம் வருடத்துத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அச்சகக்காரருக்கும் சம்பளக்காரருக்கும் அது இன்னும் வரவில்லை. முழுத் தள்ளுபடி என்று இவர்கள் காட்டும் பிரிவு அமலுக்கு வந்தாலும்கூட, அதில் வருட வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய் இவற்றுக்கு மேல் போகக் கூடாது, சொந்த வீடும் இருக்கக் கூடாது. பதினொன்றரை லட்சம் கடன்காரனிடம் அந்தத் தாளை நீட்டியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்றைக்கும் பழைய சட்டங்கள்தான். சென்னை நகரத்துக்குள் 1909-ம் வருடச் சட்டம், அங்கே மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மற்ற ஊர்களுக்கு 1920-ம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுப் போடலாம் என்கிற அந்தக் காலத்து வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதாவது மனுப் போடுவது பெரிய சாமர்த்தியமே இல்லை. அதற்கப்புறம் நடப்பதைத்தான் இந்த ஆட்கள் சொல்வதில்லை.

சரி, கோப்பைத் திறந்து பார்த்ததைச் சொல்கிறேன். 'ஸ்டே ஆர்டர்' என்று சொல்லி தம்பியிடம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது மனுவின் முதல் பக்கத்து ஜெராக்ஸ். மேலே தேதி முத்திரை, அதன் பக்கத்தில் பேனாவால் எழுதிய எஸ்.ஆர். எண். நீதிபதி கையெழுத்து எங்கும் இல்லை. இப்போது வழக்கைப் பார்க்கும் வழக்கறிஞர் அம்மா அந்த எண்ணில் விரலை வைத்து, "தம்பி, நீங்க டோக்கன் வாங்கியிருக்கீங்க, டாக்டரைப் பார்க்கல" என்றார். எஸ்.ஆர். என்பது காகிதம் உள்ளே வந்தது என்பதற்கான எண் மட்டுமே. சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஐ.பி. எண் கிடைக்கும். தம்பியின் மனு அந்தக் கட்டத்தைத் தாண்டவே இல்லை. கடன் கொடுத்தவர்களின் முழு முகவரி இல்லை, சொத்து விவரம் சரியில்லை என்று குறிப்பெழுதி நீதிமன்றம் திருப்பியிருக்கிறது. திருத்தி மறுபடி போட வேண்டியவர்கள் கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஐ.பி. எண் விழுந்திருந்தாலும் எல்லாம் நின்றிருக்காது என்பது அடுத்த விஷயம். 1920 சட்டப்படி, நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு போட்ட பிறகுதான், அனுமதி இல்லாமல் அவர்மேல் கடன் வழக்குப் போடக் கூடாது என்ற தடை வருகிறது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்டு உத்தரவு வாங்க வேண்டும். இடையில் ஏதாவது நிவாரணம் வேண்டுமென்றாலும் நீதிபதிதான் தர வேண்டும். வசூல் ஆட்களின் போனுக்கு வழி வேறு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே போகலாம். இதற்கு யாருக்கும் 48,000 அழ வேண்டியதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது சொத்து அட்டவணையைப் பார்த்தபோதுதான். 'மனுதாரருக்கு உடுத்திய துணியும் சமையல் பாத்திரங்களும் தவிர வேறு சொத்து எதுவும் இல்லை' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். எல்லா மனுவிலும் ஒட்டுகிற வாசகம் போலிருக்கிறது. தம்பி பெயரில் ஒரு மனை இருந்தது. அதை மனுவுக்கு நான்கு மாதம் முன்னால் மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கச் சொன்னவர்களே இவர்கள்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும். திவால் மனுப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் இப்படிச் சும்மா எழுதிக்கொடுத்திருந்தால், ரிசீவர் (திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவர்) அதை ரத்து செய்ய வைக்கலாம். சொத்தை மறைத்தது நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறை. கையெழுத்துப் போட்டது தம்பி. யோசனை சொன்னவர் பெயர் அதில் எங்கும் கிடையாது.

உண்மையில் மறைக்காமலே சட்டம் சிலதை விட்டுவைக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ம் பிரிவில் ஜப்தி செய்யக் கூடாதவை என்று நீளமான பட்டியல் இருக்கிறது: துணிமணி, பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி மாதிரியான நகை. இவற்றைத் திவால் வழக்கிலும் எடுக்க மாட்டார்கள்.

இயந்திரம் போய்விட்டது. அது ஈடு வைத்த சொத்து, ஐ.பி. போட்டாலும் ஈட்டுக் கடன்காரரின் உரிமை போகாது. வீட்டுக் கடன், நகைக் கடன், வண்டிக் கடன் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

செக் கதை இன்னும் மோசம். செக் பணமில்லாமல் திரும்பியதும் காகித வியாபாரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மையத்தில் கேட்டதற்கு, "ஐ.பி. போட்டாச்சு சார், பதிலே போட வேணாம்" என்றார்கள். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளைக்குள் பணம் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அது தாண்டினால் 138-வது பிரிவில் குற்ற வழக்கு, 2 வருடம் வரை சிறையோ செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதமோ போட முடியும். திவால் மனு அதைத் தடுக்காது. மொத்தக் கடனில் அதுதான் சின்னது. நானே கொடுத்துத் தீர்த்திருப்பேன், என்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அத்தானை மறந்துவிட்டேன் பாருங்கள். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் எங்கள் அக்கா கணவர். தவணை நின்ற பிறகு வங்கி அவரைப் பிடித்தது. தம்பி திவால் ஆகி, கடைசியில் நீதிமன்றம் அவனை முழுக்க விடுவித்தாலும் ஜாமீன்தாரரை அது விடுவிக்காது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 'ஜாமீன் யார்?' என்று மையத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அத்தான் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

கடன் கட்டாவிட்டால் ஜெயிலா என்று பலரும் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில்தான் இந்தக் கடைகள் ஓடுகின்றன. வெறுமனே கட்ட முடியாத காரணத்துக்காக ஒருவரைச் சிவில் சிறையில் போடக் கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. செக் வழக்கும் மோசடிப் புகாரும் வேறு, அவை குற்ற வழக்குகள்.

திவால் என்று அறிவித்ததோடு கடன் ஒழிந்தது என்றும் நினைக்காதீர்கள். அறிவிப்பு அரசிதழில் வரும். சொத்து ரிசீவர் கைக்குப் போகும். கடனிலிருந்து விடுவிப்பு கேட்டு மனுப் போட நீதிமன்றம் ஒரு கெடு வைக்கும், அதற்குள் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். போட்டாலும் உடனே கிடைக்கும் என்றில்லை. ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது சொத்து தேறாவிட்டால், அது தன் தப்பால் நேரவில்லை என்று நீதிபதியை நம்ப வைக்க வேண்டும். அரசாங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கியும், மோசடியில் வாங்கிய கடனும், ஜீவனாம்சமும் விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும். விடுவிப்பு வாங்காத திவாலாளி சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக முடியாது. தம்பிக்கு அந்த ஆசை இல்லை, விடுங்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் ஐ.பி. தான் வழி என்றால் தாராளமாகப் போடுங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள், அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் பளபளப்பான நோட்டீஸ் வந்தாலே உஷாராகுங்கள். மனுவுக்கு எண் விழுந்ததும் 16 இலக்க சி.என்.ஆர். எண் (வழக்கின் தனி அடையாள எண்) கிடைக்கும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையத் தளத்தில் அதைத் தட்டினால் அடுத்த வாய்தா தேதி வரை நீங்களே பார்க்கலாம். அந்த எண்ணைத் தர மழுப்புகிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

இப்போதைய நிலை: மனை விஷயத்தை மறைக்காமல் எழுதிப் புது மனுத் தயாராகிறது. செக் வழக்கில் சமரசம் பேசிக்கொண்டிருக்கிறோம். மையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதில் 'ஆவணத் தயாரிப்புக் கட்டணம்' என்றுதான் போட்டிருக்கிறது, ஆவணம் தயாரித்துக் கொடுத்துவிட்டோமே என்று சிரித்திருக்கிறார்கள். அந்த ரசீதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'இன்றே ஸ்டே' குரல் பதிவையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறோம். 5 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீதையும் குரல் பதிவுகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.