தான்சானியக் கிராமத்து மருத்துவமனையில் மகப்பேறு தன்னார்வப் பணி: மருத்துவமனைக்கு முழு மதிப்பெண், ஏற்பாட்டு நிறுவனத்துக்குப் பாதி

லேபர் வார்டில் வேலை பார்த்துப் பழகிய நர்ஸா நீங்கள்? இரண்டு மூன்று மாதம் ஒதுக்க முடியுமா? அப்படியென்றால் தாராளமாகப் போங்கள். பிரசவத்தைப் பார்த்தே இராதவர்கள் "அனுபவத்துக்காக" என்று கிளம்ப வேண்டாம்.

நான் போனது வட தான்சானியாவில் ஒரு கிராமத்து மருத்துவமனை. கிளம்பும் முன்பே பதிவுச் சான்று, அந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு, தன்னார்வலருக்கான அனுமதி என்று எல்லாவற்றையும் என்னை அனுப்பிய நிறுவனம் வாங்க வைத்தது. அலைச்சல்தான். ஆனால் இதையெல்லாம் கேட்காத நிறுவனம் என்றால் நான் நம்ப மாட்டேன். சுவாஹிலி வகுப்பும் நன்றாக இருந்தது. முக்கச் சொல்லவும் மூச்சு விடச் சொல்லவும் தெரியாதவர் பிரசவ அறையில் இடைஞ்சல்தான்.

வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்க மானிட்டர் கிடையாது, பினார்ட் குழல்தான். வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்த கணமே அங்குள்ள மருத்துவச்சிகள் துடிப்பை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். குழந்தையைச் சுற்ற காங்கா துணியைத் தாய்மார்களே கொண்டு வருகிறார்கள். மின்சாரம் போனால் எல்லோருக்கும் முதல் கவலை, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜ்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்காவிட்டால் மருந்தின் வீரியம் குறையும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வரும்போது அந்த மருந்தைத்தான் நம்பியாக வேண்டும்.

ரத்தப்போக்கை அவர்கள் கையாளும் விதத்துக்காகவே இந்த வார்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். குழந்தை பிறந்ததும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரிக்கிறார்கள். ரத்தம் அதன் பையில் சேரும், எவ்வளவு போயிருக்கிறது என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். வெறும் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். ரத்தம் எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டதுமே கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட், டிரிப், எங்கிருந்து கசிகிறது என்று பரிசோதிப்பது எல்லாம் ஒரே மூச்சில் தொடங்கிவிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023-ல் வெளியானது. இதே முறையால் கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் தாய் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன என்கிறது அது. நான் கற்றுக்கொடுக்கப் போனவள் அல்ல. அந்த வார்டில் நின்று கற்றுக்கொண்டேன்.

இனி குறை. அதே நிறுவனம் மருத்துவப் படிப்பில் இன்னும் சேர்ந்துகூட இராத இளைஞர்களுக்கும் "பிரசவம் பார்க்கும் வாய்ப்பு" என்று விளம்பரம் செய்கிறது. என்னோடு தங்கியிருந்த சிலர் அதை நம்பித்தான் பணம் கட்டியிருந்தார்கள். மேட்ரன் அம்மா முதல் நாளே நிறுத்திவிட்டார். தாய் சம்மதித்தால் ஓரமாக நின்று பார்க்கலாம், கை வைக்கக் கூடாது, போட்டோ எடுக்கவே கூடாது என்றார். அவர் சொன்னதுதான் நியாயம். உன் ஊரில் உன்னைத் தொட விடாத ஒரு தாயை, ஏழை நாடு என்பதற்காக இங்கே தொடலாமா? அந்தப் பிள்ளைகளின் ஏமாற்றத்துக்கு நிறுவனம்தான் பொறுப்பு.

கட்டிய பணத்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டேன். "சமூகத்துக்கே போகிறது" என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. சேருவதற்கு முன்பே இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இரவு ஷிஃப்டில் உங்களை மேற்பார்க்கப் போவது யார் என்பதையும் கேளுங்கள். தங்குமிடம், சாப்பாடு பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம், கால அளவு. அவர்கள் இரண்டு வாரத் திட்டமும் விற்கிறார்கள், அது வேண்டாம். எந்த மருந்து எந்த அலமாரியில், யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று புரியவே அவ்வளவு நாள் ஆகும். அதுவரை நம்மைக் கவனிப்பதே அங்குள்ளவர்களுக்குக் கூடுதல் வேலை.

மறுபடியும் போவேன். ஆனால் இந்த முறை மேட்ரனுக்கே நேரடியாக எழுதி, எந்த மாதத்தில் ஆள் குறைவு என்று கேட்டு, அந்த மாதத்தில் போவதாக இருக்கிறேன்.