மினிமம் டியூவா, மாதம் 5,000 ரூபாயா?

கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே 2,065 ரூபாய் ஏறிவிடும்.

வட்டியும் சேர்ந்த பில்லில் 5 சதவீத மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, அதை மட்டும் கட்டினால் கையைவிட்டுப் போவது 2,603 ரூபாய். கடனில் குறைவது வெறும் 538. மிச்சத்துக்கு மறுபடி வட்டி. பாக்கியோடு மினிமம் டியூவும் சுருங்கும், அதனால் கடன் நகரவே நகராது. 14 மாதத்தில் ஏறக்குறைய 34,000 கட்டியிருப்பீர்கள். இன்னும் 43,000 நிற்கும். லேட் ஃபீஸ் விழாது, சரி. அதற்கு இது ரொம்ப அதிக விலை.

மாதம் 5,000 கட்டினால் அதே 14 மாதத்தில் கணக்கே முடியும். வட்டியும் வரியும் சுமார் 15,800. அதுவரை கார்டைத் தேய்க்காதீர்கள்: பாக்கி இருக்கும்போது புதுச் செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.