சர்க்கரை வேறு, சீனி வேறு: அம்மாவுக்கு வாங்கிய இரண்டு நூல்கள்

அம்மாவுக்கு நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்ன வாரமே ஹட்டன் கடையொன்றில் இரண்டு நூல்கள் வாங்கினேன். ஒன்று சென்னையில் அச்சான தடித்த மருத்துவ நூல். மற்றது கொழும்பில் அச்சான மெல்லிய உணவு வழிகாட்டி. விலையும் தாளும் பேசுமளவுக்கு வேறுபடவில்லை. நோயை விளக்குவதில் சென்னை நூலே மேல். கணையம் செய்யும் வேலையையும், கண்ணும் சிறுநீரகமும் கெடும் விதத்தையும் அதில் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் லயத்து அடுப்படியில் நூலை விரித்து வைப்பவர் அம்மா. "சர்க்கரையைத் தவிருங்கள்" என்று அதில் வாசித்ததும் பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைக் கட்டியை, அதாவது வெல்லத்தை, ஒதுக்கி வைத்துவிட்டார். தேநீரில் சீனி வழக்கம்போல் விழுந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் சர்க்கரை என்றால் நமது சீனி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை: ஏறக்குறைய 40 கிராம். நோயில்லாத பெரியவருக்கே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது இன்னும் மோசம். "சோற்றைக் குறைத்துக் கோதுமை சாப்பிடுங்கள்" என்றது நூல். அங்கே அது தவிட்டோடு அரைத்த மாவு. இங்கே கோதுமை மா என்று கடையில் நிறுத்துத் தருவது, அவர்கள் மைதா என்று ஒதுக்கும் அதே வெள்ளை மா. அம்மா இரவுச் சோற்றை விட்டுவிட்டு இன்னும் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுட்டார்.

கொழும்பு நூலில் இந்தக் குழப்பமே இல்லை. சீனி சீனிதான், ஆட்டா மா ஆட்டா மாதான். குரக்கன், வல்லாரை, கங்குன் என எல்லாம் நம் சந்தைப் பெயர்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்றும் அதில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இதைவிட அவசரமான வரி எது? அதனால் அடுப்படிக்கு அதையே கொடுத்தேன். குழந்தை உணவுப் பகுதியைப் பற்றி மட்டும் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் சிறுபிள்ளைகள் இல்லை.

சென்னை நூல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பெரியவர்களிடம் கொடுக்குமுன் ஓரத்தில் சீனி, ஆட்டா மா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். அவசர எண் 108 என்றிருந்தால் அதையும் அடித்துவிட்டு 1990 என்று எழுதுங்கள். இங்கே அம்புலன்ஸ் வருவது அந்த எண்ணுக்குத்தான்.