எஃப்ஆர்ஆர் மென்பொருளில் என்எஸ்எஸ்ஏ: வெளி ரூட்டுகளுக்கு எல்லையில் போடும் கதவு

கிளை அலுவலகத்தின் ரௌட்டர் ஒரு கூட்டாளி நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு இணைந்திருக்கும். அங்கிருந்து வரும் ரூட்டுகள் (முகவரிகளுக்குச் செல்லும் வழிகள்) கிளைக்குள் தெரிந்தாக வேண்டும், ஆனால் நெட்வொர்க்கின் எல்லா ஏரியாக்களையும் (பகுதிகளையும்) இணைக்கும் மையமான பேக்போனுக்குள் நுழையக் கூடாது. ரௌட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்பில் நெட்வொர்க்கை நடத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும் தேவை. இதற்கு உதவுவது என்எஸ்எஸ்ஏ, அதாவது வெளி ரூட்டுகளைத் தன் வழியே உள்ளே கொண்டுவர அனுமதிக்கும் ஒரு வகை ஏரியா. குவாகா என்ற ரூட்டிங் மென்பொருளிலிருந்து பிரிந்து, 2017 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்ந்துவரும் திறமூல மென்பொருளான எஃப்ஆர்ஆர் இதை எவ்வளவு சரியாகச் செய்கிறது என்பதை நான்கு மெய்நிகர் லினக்ஸ் இயந்திரங்களில் சோதித்துப் பார்த்தேன்.

ஆர்1 பேக்போனில் இருந்தது. ஆர்2, ஆர்3 இரண்டும் ஏபிஆர், அதாவது ஏரியாவையும் பேக்போனையும் இணைக்கும் எல்லை ரௌட்டர்கள். ஆர்4 என்எஸ்எஸ்ஏவுக்குள் ஏஎஸ்பிஆர், அதாவது வெளி ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவரும் ரௌட்டர். ஆர்4 தன்னிடமிருந்த ஸ்டேட்டிக் ரூட்டுகளை (கையால் எழுதிய வழிகளை) ரீடிஸ்ட்ரிபியூட் செய்யும்போது, அதாவது ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது, அவை டைப்-7 எல்எஸ்ஏக்களாக (ரௌட்டர்கள் பரிமாறும் அறிவிப்புகளாக) அந்த ஏரியாவுக்குள் மட்டும் பரவும். என்எஸ்எஸ்ஏவை வரையறுக்கும் ஆவணமான ஆர்.எஃப்.சி 3101 சொல்லும் விதிப்படி, வழக்கமாக ஏபிஆர்களில் ரௌட்டர் ஐடி பெரிதாக உள்ள ஒன்றே அவற்றை டைப்-5 ஆக மாற்றி வெளியே விடும். எனவே கதவைப் போட வேண்டிய இடம் அந்த மாற்றம் நடக்கும் ஏபிஆர்தான். எஃப்ஆர்ஆரில் இதற்குரிய கட்டளை ‘ஏரியா 1 என்எஸ்எஸ்ஏ ரேஞ்ச்’ என்று தொடங்குகிறது.

10.50.0.0/16 என்ற ரேஞ்சை (முகவரித் தொகுதியை) கொடுத்ததும், அதற்குள் அடங்கிய பன்னிரண்டு ரூட்டுகளும் ஆர்1-இன் அட்டவணையில் ஒரே வரியாகச் சுருங்கின. அந்த வரியின் காஸ்ட் (வழிச் செலவு) மதிப்பையும் நாமே நிர்ணயிக்கலாம். கூட்டாளியின் 172.20.0.0/16 ரேஞ்சுக்கு ‘நாட்-அட்வர்டைஸ்’ (அறிவிக்காதே) என்று சேர்த்தபோது அந்த ரூட்டுகள் ஏரியாவுக்குள் அப்படியே இருக்க, பேக்போனில் ஒன்றுகூடத் தென்படவில்லை. இவ்வளவு எளிமையாக இது முடிந்தது எனக்கு உண்மையிலேயே நிறைவளித்தது.

ஆனால் நான் அந்த ரேஞ்சை, அப்போது மாற்றும் பொறுப்பில் இருந்த ஆர்3-இல் மட்டுமே எழுதியிருந்தேன். ஆர்3-இல் ஓஎஸ்பிஎஃப் சேவையை நிறுத்தியதும் ஆர்2 அந்தப் பொறுப்பை ஏற்றது; மறைத்து வைத்திருந்த கூட்டாளி ரூட்டுகள் அத்தனையும் ஆர்1-க்கு வந்து சேர்ந்தன. இது மென்பொருளின் பிழையன்று, நெறிமுறையின் இயல்பு. இருந்தாலும் ஏரியாவின் எல்லா ஏபிஆர்களிலும் ஒரே ரேஞ்சுகள் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை எஃப்ஆர்ஆர் கையேடு அந்தக் கட்டளையின் விளக்கத்திலேயே தந்திருக்க வேண்டும். ரகசியமாக இருக்க வேண்டிய முகவரிகள் ஒரு இணைப்புக் கோளாறின்போது வெளியே தெரிந்துவிடுவது சிறிய விஷயமல்ல.

‘சப்ரஸ்-எஃப்ஏ’ என்ற வசதியைத்தான் நான் அதிகம் பாராட்டுவேன். டைப்-7 எல்எஸ்ஏவில் ஏஎஸ்பிஆரின் முகவரி ஃபார்வர்டிங் அட்ரஸாக (போக்குவரத்தை அனுப்ப வேண்டிய முகவரியாக) எழுதப்பட்டிருக்கும். ரேஞ்சில் சுருக்கப்படாத ரூட் டைப்-5 ஆக மாறும்போதும் அதுவே நிலைத்திருக்கும். இரண்டு ஏபிஆர்களும் ஆர்4-ஐச் சந்திக்கும் 192.168.40.0/24 பிணைப்பைப் பேக்போனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டுப் பார்த்தேன். ரேஞ்சில் சுருக்கப்படாத ஒரு ரூட் ஆர்1-இன் ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸில் இருந்தது, ரூட்டிங் அட்டவணையில் இல்லை. எல்எஸ்ஏவை விரித்துப் பார்த்தால் ஃபார்வர்ட் அட்ரஸ் 192.168.40.4 என்று இருந்தது. அந்த முகவரிக்குப் போகும் வழியே ஆர்1-க்குத் தெரியாததால் அது ரூட்டை ஏற்கவில்லை. இரண்டு ஏபிஆர்களிலும் சப்ரஸ்-எஃப்ஏ கொடுத்ததும் அந்த இடத்தில் 0.0.0.0 வந்தது, ரூட்டும் அட்டவணையில் ஏறியது. இதற்கு ஒரு விலை உண்டு: மற்றொரு ஏபிஆர் அருகிலேயே இருந்தாலும், போக்குவரத்து மாற்றித் தரும் ஏபிஆர் வழியாகவே செல்லும்.

டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாதபோது பயன்படும் பொது வழியை) ஏரியாவுக்குள் விடும் கட்டளையும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஏஎஸ்பிஆரில் அதைக் கொடுத்தால், ஓஎஸ்பிஎஃப் அல்லாத வேறு வழியில் கற்ற டீஃபால்ட் ரூட் அங்கே ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. ரேஞ்ச் கட்டளையில் ‘நாட்-அட்வர்டைஸ்’ என்றும், வெளி ரூட்டுகளைச் சுருக்கும் சம்மரி-அட்ரஸ் கட்டளையில் ‘நோ-அட்வர்டைஸ்’ என்றும் ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். இரவு நேரத்தில் அவசரமாக மாற்றம் செய்பவருக்கு இது வீண் தடுமாற்றம். அதைவிடப் பெரிய குறை, இந்த ரேஞ்ச் கட்டளை முகவரித் தொகுதியை மட்டுமே பார்க்கிறது, ரூட்டின் டேகை (அடையாள எண்ணை) பார்ப்பதில்லை. கூட்டாளியின் முகவரிகள் தொடர்ச்சியாக இல்லாமல் சிதறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேஞ்ச் எழுத வேண்டும். ஆர்4-இலேயே ரூட்-மேப் (வடிகட்டும் விதிகளின் பட்டியல்) கொண்டு டேகைப் பார்த்து வடிகட்டலாம் என்றாலும், அப்படிச் செய்தால் டைப்-7 உருவாகவே உருவாகாது. கிளைக்குள் இருப்பவர்களுக்கும் அந்த ரூட் இல்லாமல் போய்விடும்.