துள்ளும் வள்ள ரெயிலர்: சில கோடை இழுத்த அனுபவம்

பதினாறு அடி அலுமினிய வள்ளம், 40 குதிரைவலு மோட்டர், ஒற்றை அச்சு ரெயிலர். பழையதாக வாங்கி, சில கோடைகளாக ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் இருந்து 404 நெடுஞ்சாலையில் சிம்கோ ஏரிக்கும், 407, 115 நெடுஞ்சாலைகள் பிடித்து ரைஸ் லேக்குக்கும் இழுத்துத் திரிகிறேன். ரெயிலர் எப்படி என்று கேட்பவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: சட்டம் உறுதி, துரு குறைவு, வள்ளத்தை இறக்கி ஏற்றுவது சுகம். ஆனால் வாங்கும்போதே அதோடு வந்த துள்ளலை அடக்க ஒரு கோடை முழுக்கப் போய்விட்டது.

துள்ளலில் இரண்டு வகை இருக்கிறது. வேகம் கூடக் கூட விரைவாகும் படபடப்பு ஒன்று. மேடு பள்ளத்தில் எழுந்து விழுந்து, பிறகும் இரண்டு மூன்று தரம் ஆடி அடங்குவது மற்றது. முதலாவது சில்லில் இருந்து வருவது. இரண்டாவதுக்குக் காரணம் பாரம், காற்று, ஸ்பிரிங். என் ரெயிலரில் இருக்கும் 175/80 ஆர் 13 அளவு ரயர் 100 கி.மீ. வேகத்தில் செக்கனுக்குப் பதினான்கு தரமளவில் சுற்றும். ரயர் வட்டம் பிசகியிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு. அதை ஸ்பிரிங் மாற்றி நிறுத்த ஏலாது. ஆனாலும் ஏரிக்கரையில் சந்திக்கும் அண்ணைமார் சொல்லும் முதல் வைத்தியம், "தம்பி, ஸ்பிரிங்கை மாத்தும், எல்லாம் சரி வரும்" என்பதுதான்.

செலவில்லாத பரிசோதனை ஒன்று உண்டு. மச்சானைப் பின்னால் வேறு வாகனத்தில் வரச் சொல்லி, அவர் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு படம் பிடிப்பித்தேன். கண்ணாடியில் தெரியாத இரண்டு விஷயம் படத்தில் தெரிந்தது. வலது சில்லு தனியாக நடுங்கியது. வள்ளமோ ரெயிலரோடு சேர்ந்து எழும்பாமல், தாங்குபலகையை விட்டுத் தானாக எழும்பி விழுந்தது. பின்பக்கம் கட்டியிருந்த பட்டி தளர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ராச்சற் பட்டி போட்டு இறுக்கியதும் பாதிச் சத்தம் போய்விட்டது. முன்னால், வள்ளத்தை ரெயிலரில் இழுத்தேற்றும் வின்ச் உருளையின் பட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் பின்பக்கம் தொங்கும் மோட்டரின் பாரத்தை யோசிக்க வேண்டும்.

சில்லை ஜாக்கியில் தூக்கி, ரயருக்குக் கிட்ட ஒரு தடியை அசையாமல் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால் வீக்கம் தெரிந்துவிடும். எனக்கு ஓரிடத்தில் தடி முட்டியது; உள்ளே பட்டை பிரிந்த ரயர். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்ற ரயரும் கொஞ்சம் தட்டையாகும், ஆனால் அது ஓடிச் சூடேறச் சரியாகிவிடும். பிரிந்த பட்டை சரியாகாது, வெடிக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ரெயிலர் ரயர் தேய்வதற்கு முன்பே வயதால் போய்விடும். இரண்டையும் மாற்றினேன். ரெயிலர் சில்லுக்கு பலன்ஸ் தேவையில்லை என்றார்கள் கடையில். கேட்டுச் செய்வித்தேன், காசுக்குப் பழுதில்லை. ஜாக்கியில் இருக்கும்போதே சில்லை மேலும் கீழும் பிடித்து, உள்ளே பெயரிங் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டும். ஓடிச் சூடான அச்சுக்குடத்தைக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறக்கும்போது, பழைய சீல் வழியே தண்ணீர் உள்ளே இழுபட்டு பெயரிங் துருப்பிடிக்கும்.

படபடப்பு நின்றது. ஆட்டம் நிற்கவில்லை.

லொறிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஏற்றினேன். வள்ளமும் ரெயிலரும் சேர்த்து 1,450 இறாத்தல். ரெயிலரின் முன் நுனியை, இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே, குளியலறைத் தராசில் இறக்கிப் பார்த்தால் 60 தான். வள்ள ரெயிலருக்கு மொத்தப் பாரத்தில் 7 முதல் 10 வீதமாவது முன்னால் இறங்க வேண்டும். எனக்கு 100 இறாத்தலுக்கு மேல் வந்திருக்க வேண்டும். முன்பக்கம் லேசாக இருந்தால், ரெயிலரின் முன் நுனியில் உள்ள கப்ளர் வாகனத்தின் பின்னால் இருக்கும் ஹிற்ச் குண்டில் மேலும் கீழும் அடிக்கும். அதைவிடப் பயங்கரம், ரெயிலர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்குவது. பற்றறியையும் 23 லீற்றர் எரிபொருள் தாங்கியையும் பின்னால் இருந்து அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தேன். போதாததற்கு வின்ச் தூணைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, வள்ளத்தை அணியப் பக்கம் இழுத்தேன். இதே வேலையை மறுபக்கம் செய்வது ஆபத்து: பின்பக்கம் தாங்குபலகைக்கு வெளியே தொங்கினால் அடித்தட்டு வளையும். கப்ளருக்குக் கீழே இருக்கும் நட்டையும் இறுக்கினேன். குண்டின் அளவு கப்ளரில் பொறித்த அளவுதானா என்று பார்க்க மறக்கக்கூடாது. 2 அங்குலக் கப்ளருக்குள் 1 7/8 அங்குலக் குண்டும் போகும், ஒரு பள்ளத்தில் கழன்றும் போகும்.

காற்று விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். என் ரயரில் 50 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறது, அந்தக் காற்றில் ஒரு ரயர் 1,360 இறாத்தல் தாங்கும். என் ரயர் ஒவ்வொன்றிலும் இறங்குவது 700 கூட இல்லை. கல்லாக இறுகிய ரயர் ரோட்டின் ஒவ்வொரு வெடிப்பையும் அப்படியே மேலே அனுப்பியது. ரயர் செய்தவர்களின் பார அட்டவணையைப் பார்த்து, தாராளமாக மிச்சம் வைத்து 40 க்கு இறக்கினேன். இடையில் நிறுத்தி ரயரைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு கூடவில்லை. எடை போடாமல் இதைச் செய்யாதீர்கள். காற்றுக் குறைந்த ரெயிலர் ரயர் சூடேறியே சாகிறது. பாரம் கூடியவர்கள் 50 இலேயே நிற்கட்டும்.

ஸ்பிரிங்குக்குக் கடைசியாகத்தான் வந்தேன். அச்சு 2,200 இறாத்தலுக்கானது, என் பாரத்துக்குக் கூடுதல் விறைப்பு. ஸ்பிரிங்கின் தகடுகளில் ஒன்றைக் கழற்றலாம் என்று சொல்வார்கள். நான் கழற்றவில்லை, அப்படிச் செய்தால் அச்சில் எழுதிய எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிணைக்கும் தேய்ந்த நைலோன் புஷ்களையும் ஷாக்கிள் போல்ட்டுகளையும் மட்டும் மாற்றினேன். அதற்கு மேல் பெரிய மாற்றம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த அச்சு மென்மையாக ஓடும் என்பது உண்மை, ஆனால் ரப்பர் போனால் முழு அச்சும் போகும். தகட்டு ஸ்பிரிங் முறிந்தால் ஒரு பின்னேரத்தில் மாற்றலாம். திரும்ப வாங்கினாலும் இதையே வாங்குவேன்.

பிரேக் வைத்த பெரிய ரெயிலர்காரருக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ரெயிலருக்கு பிரேக் கட்டாயம். ரெயிலர் வாகனத்தைத் தள்ளும் விசையில் இயங்கும் பிரேக்கின் உள்ளே, இடியைத் தணிக்கும் டம்பர் செத்தால், முன்னும் பின்னும் இடிப்பது துள்ளல் போலவே இருக்கும்.

இப்போது 404 இல் கோப்பி சிந்தாது. 407 இன் கான்கிரீட் பகுதிகளில் பலகை மூட்டுகள் ஒரு தாளத்தில் தட்டும்போது இன்னும் கொஞ்சம் ஆடும், 90 க்கு இறக்கினால் தாளம் கலைந்துவிடும். வள்ளத்தை இறக்கிவிட்டு வெறும் ரெயிலரை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகும்போது அது முயலாகத்தான் துள்ளும். அதற்கு வைத்தியம் தேடவேண்டாம், மெதுவாகப் போனால் சரி.