ஒகோவா செய்ய எந்த அரிசி வாங்கலாம்? ஹாகுச்சோ மோச்சி, கொகானே மோச்சி ரெண்டையும் சமைச்சுப் பார்த்து எழுதுறேன்

ஜப்பான்ல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களோட அடித்தளத்துல சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கும், அதுல ஒகோவாவுக்குன்னே தனியா கடை இருக்கும். ஒட்டற அரிசிய ஆவில வேக வச்சு சிக்கன், கேரட், காளான்லாம் கலந்து எடை போட்டுக் குடுப்பாங்க. ருசி அப்படி இருக்கும், ஆனா குடும்பத்தோட வயிறு நிறைய சாப்பிடணும்னா பர்ஸ் காலி. அதான் வீட்லயே செய்றோம். நிறைய பேர் சோயா சாஸ் எது, மிரின்ங்கற இனிப்பான சமையல் ஒயின் எதுன்னு தேடித் தேடி வாங்கிட்டு அரிசிய மட்டும் கைல கிடைச்சத எடுத்துட்டு வர்றாங்க. என்னைக் கேட்டா காச அரிசில போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இதுக்கு வேண்டியது மோச்சிகோமேங்கற ஜப்பான் ஒட்டரிசி. தினம் சாப்பிடுற ஜப்பான் அரிசியும் ஒட்டும்தான், ஆனா அதுல அமைலோஸ்னு ஒரு மாவுச்சத்து 17 சதவீதம் பக்கம் இருக்கும். மோச்சிகோமேல அது கிட்டத்தட்ட கிடையவே கிடையாது, முழுக்க அமைலோபெக்டின்ங்கற இன்னொரு மாவுச்சத்து, அந்த இழுவையும் மெல்லுற சுகமும் அதனாலதான். பச்சையா இருக்கும்போதே கண்டுபிடிச்சிடலாம், சாதா அரிசி கண்ணாடி மாதிரி இருக்கும், இது சுண்ணாம்பு வெள்ளை.

நான் மாத்தி மாத்தி வாங்குறது ரெண்டு ரகம். ஒண்ணு ஜப்பான்ல நீகாதா பக்கத்து கொகானே மோச்சி, இன்னொண்ணு வடக்குத் தீவு ஹொக்கைடோவோட ஹாகுச்சோ மோச்சி. புதுவருஷத்துக்கு மோச்சி, அதாவது ஒட்டரிசிய இடிச்சு செய்ற பலகாரம், அத இடிக்கிறவங்க கொகானேனா உயிர விடுவாங்க, சுடச்சுட சாப்பிட்டா உண்மையாவே அதுதான் ராஜா, பல்லுல நல்லா எதிர்த்து நிக்கும், அரிசி வாசமும் தூக்கலா இருக்கும். ஆனா ஆறினா சீக்கிரம் கெட்டியாயிடும். ஹொக்கைடோ அரிசி அப்படி இல்ல, அங்க கதிர் முத்துற நேரத்துல குளிர் ஜாஸ்தி, அதனால மாவுச்சத்தோட அமைப்பே கொஞ்சம் மாறிடுது, ஆறினாலும் ரொம்ப நேரம் மெத்துனே இருக்கும். காலைல செஞ்சு பென்டோ டப்பால கட்டிக் குடுத்தா மதியம் திறக்கும்போதும் பருக்கைய விரல்ல அமுக்கினா நசுங்கும், கொகானே அந்த நேரத்துக்கு விரைச்சுப் போயிருக்கும்.

செய்முறைய சொல்லிடுறேன், அது தெரியாம அரிசிய குறை சொல்லக்கூடாது. 3 கோ அரிசி, அதாவது 450 கிராம், ராத்திரியே ஊற வச்சிடணும், காலைல தண்ணிய வடிச்சு அரை மணி நேரம் சல்லடைல விட்டுடுங்க. எலும்பில்லாத சிக்கன் தொடைக்கறி 150 கிராம் பொடியா நறுக்கி, கேரட், ஊற வச்ச ஷிடாக்கே காளான், பொரிச்ச டோஃபு, அப்புறம் கோபோ, எல்லாத்தையும் காளான் ஊறின தண்ணி, சோயா சாஸ், மிரின், சாக்கேங்கற அரிசி மது விட்டு கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு சாறத் தனியா வடிச்சு வைங்க. கோபோ நீட்டமான ஒரு வேர், பென்சில் சீவற மாதிரி சீவிப் போடணும், தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க, அந்த மண்வாசனை இல்லாட்டி ஒகோவா ஒகோவாவே இல்ல.

அரிசிய ஈரத்துணி விரிச்ச சேரோல, அதாங்க மரத்துல செஞ்ச ஆவித்தட்டு, அதுல போட்டு நல்ல தீயில 20 நிமிஷம். சேரோ இல்லைனா இட்லிப் பானையே போதும், துணியும் நம்ம வீட்ல இருக்கறதுதானே. அப்புறம் அரிசிய அகலமான பாத்திரத்துல கொட்டி, சூடான சாறு ஒரு 200 மில்லி ஊத்துங்க. முதல்ல அடியில தேங்கி நிக்கும், என்னடா இவ்ளோ தண்ணின்னு தோணும், ரெண்டு திருப்பு திருப்பி கொஞ்சம் விட்டா ஒரு சொட்டு இருக்காது, ஒவ்வொரு பருக்கையும் பழுப்பேறி பளபளன்னு நிக்கும். இப்ப கறி காய் கலந்து திரும்ப ஒரு 15, 20 நிமிஷம் ஆவி.

ரைஸ் குக்கர்லயும் வரும், நிறைய மாடல்ல ஒகோவாவுக்குன்னு தனி கோடு இருக்கு, அது சாதா சாதத்துக் கோட்ட விட கீழ இருக்கும், தண்ணி அவ்ளோ போதும். ராத்திரி முழுக்க ஊற வச்ச அரிசிய இதுல போடாதீங்க, குழைஞ்சிடும். ரெண்டு பங்கு மோச்சிகோமேக்கு ஒரு பங்கு சாதா அரிசி சேர்த்தா நல்லா வரும். காய் கறிய மேலாப்ல பரப்பி அப்படியே மூடிடுங்க, கிளறினா நடுவுல அரிசி வேகாம நிக்கும். ஆனா குக்கர்ல செஞ்சா ரெண்டு ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் பாதி மறைஞ்சுடுது, அதனால கொகானே வாங்கினா ஆவிலயே வைங்க, அதுக்கு அந்த மரியாதை குடுக்கணும்.

வாங்கும்போது பாக்கெட் பின்னாடி ஊர், ரகம், அறுவடை வருஷம் மூணும் இருக்கான்னு பாருங்க. வெறுமனே 'ஜப்பான்ல விளைஞ்சது'ன்னு மட்டும் போட்ட மலிவு பாக்கெட் ஒண்ணு ஒரு கடைல வாங்கினேன், பாதி நொய், சாறு ஊத்தினதும் களியாப் போச்சு. குளூட்டன் ஆகாதவங்களுக்கு ஒண்ணு, இந்த அரிசில குளூட்டன் கிடையாது, ஆனா சாதாரண சோயா சாஸ்ல கோதுமை இருக்கு, தமாரின்னு ஒரு வகை சோயா சாஸ் இருக்கு, அதுல கோதுமை சேர்க்காததா பார்த்து வாங்குங்க.

எங்க வீட்ல இப்ப எப்பவும் இருக்கறது ஹாகுச்சோ, ஏன்னா ஒகோவா பாதி நாள் டப்பாலதான் போகுது. விருந்தாளி வந்து சுடச்சுட பரிமாறுற நாளுக்கு கொகானே ஒரு கிலோ தனியா வாங்கிக்குவேன், புது அறுவடை இலையுதிர் காலத்துல கடைக்கு வரும்போது வாங்கினா வாசமே வேற. மிச்சம் இருந்தா சூட்டோட ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலமா சுத்தி ஃப்ரீஸர்ல போட்டுடுங்க, மைக்ரோவேவ்ல வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி தெளிச்சா போதும், கொகானேயும் பழையபடி இளகிடும்.